பச்சைத் தண்ணியும் யூ.வி. விளக்கும்

நமக்கெல்லாம் பச்சைத் தண்ணின்னா காய்ச்சாத சாதா தண்ணி. செடி வச்ச மீன் தொட்டிக்காரங்ககிட்ட இதே வார்த்தையைச் சொல்லிப் பாருங்க, முகம் வெளிறிடும் :-) கீரையை அரைச்சு ஊத்தின மாதிரி தொட்டி மொத்தமும் பச்சையாகி, உள்ள மீன் இருக்கா இல்லையான்னே தெரியாது. பாதித் தண்ணிய மாத்தினாலும் ரெண்டே நாள்ல பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஓசூரோ பெங்களூரோ, இந்த நிலைமைல கடைக்குப் போனா அனேகமா கிடைக்கற பதில் ஒண்ணுதான்: "யூ.வி. ஒண்ணு மாட்டிடுங்க சார், எல்லாம் சரியாயிடும்." சிப்காட்டுல ஷிஃப்ட் பாக்கற நண்பர் ஒருத்தர், தொட்டி வாங்கி மூணு மாசம்கூட ஆகலை, போன வாரம் இதைக் கேட்டுட்டு வந்து "வாங்கிடலாமா"ன்னார். அவருக்குச் சொன்னதையே இங்க விரிவா எழுதறேன்.

என் கட்சி இதுதான். யூ.வி. நல்ல சாமான். ஆனா செடித் தொட்டிக்கு அதைக் கடைசியாத்தான் வாங்கணும்.

முதல்ல அது என்ன பண்ணுதுன்னு பாப்போம். குழாய்க்குள்ள ஒரு பாதரச விளக்கு, அதைச் சுத்தி குவார்ட்ஸ் கண்ணாடி உறை. விளக்குல இருந்து வர்ற 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், பக்கத்துல ஓடற தண்ணில மிதக்கற உயிர்களோட டி.என்.ஏ.வைக் குலைச்சு, மேல பெருக முடியாம பண்ணிடுது. புது டெக்னாலஜி எல்லாம் இல்லை. பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல 1910-லயே குடிதண்ணிக்குப் பயன்படுத்திப் பாத்திருக்காங்க. நம்ம வீட்டு ஆர்.ஓ. மெஷின்லயும் இதேதான் இருக்கு.

இந்த ஆர்.ஓ. மெஷின்தான் குழப்பத்துக்கும் காரணம்னு நினைக்கறேன். யூ.வி.ன்னா தண்ணி சுத்தம்னு மனசுல பதிஞ்சு போச்சு. அந்த மெஷின்ல உப்பை எடுக்கறது ஆர்.ஓ. சவ்வு, யூ.வி. கிருமியை மட்டும்தான் பாத்துக்குது. கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு பிரச்சினை இருக்கறதாலதானே 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே தொடங்கினாங்க? நம்ம போர் தண்ணியோட கடினத்தன்மை, ஃப்ளோரைடு, மீன் கழிவுல சேர்ற நைட்ரேட், பாஸ்பேட் எதையும் யூ.வி. தொடாது. டி.டி.எஸ். மீட்டர்ல ஒரு பாயின்ட்கூடக் குறையாது.

ரெண்டாவது விஷயம், விளக்கு வழியா ஓடற தண்ணில மிதக்கறது மட்டும்தான் சாகும். இலைல ஒட்டின நூல் பாசி, கல்லுல கருப்புத் தாடி மாதிரி தொங்கற பாசி, கண்ணாடில படியற பச்சைப் புள்ளி எல்லாம் யூ.வி. பக்கமே வராது. செடி வளக்கறவங்களை நிஜமா அழ வைக்கறது இந்த ஒட்டற பாசிங்கதான்!

வெள்ளைப் புள்ளி நோய்லயும் அப்படித்தான். ஓசூர் டிசம்பர் குளிர்ல புது மீன் வாங்கிட்டு வந்தா இது வர நல்லாவே வாய்ப்பு உண்டு. அந்தக் கிருமி மீனோட தோலுக்குள்ள ஒரு கட்டம், தரைல ஒட்டிக்கிட்டு ஒரு கட்டம், நீந்திக்கிட்டு ஒரு கட்டம்னு வாழுது. யூ.வி. பிடிக்கறது நீந்தற கட்டத்தை மட்டும், அதுவும் மீனைத் தேடிப் போறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள வந்தாத்தான். ஒரு ஹீட்டரும், புது மீனைத் தனித் தொட்டில சில வாரம் வச்சுப் பாக்கற பொறுமையும் இதைவிட உத்தமம்.

செடிக்காரங்களுக்குன்னே இன்னொரு வில்லங்கம் இருக்கு. நாம உரமா ஊத்தற இரும்பு, தண்ணில கரைஞ்சே இருக்கணும்னு ஈ.டி.டி.ஏ. மாதிரிப் பொருளோட பிணைச்சு வருது. புற ஊதாக் கதிர் அந்தப் பிணைப்பை உடைக்கும். இரும்பு துருவாப் படிஞ்சு, செடிக்குப் போய்ச் சேராம வீணாகும். காசு குடுத்து உரத்தை வாங்கி, காசு குடுத்து வாங்கின விளக்கால அதை எரிக்கறோம்.

சரி, பச்சைத் தண்ணிக்காவது கேக்குமா? நிச்சயமா கேக்கும். சில நாள்லயே தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா செத்த பாசில இருந்த சத்து திரும்பத் தண்ணிக்கே வந்துடுது. நாமளா தண்ணி மாத்தி ஃபில்டரைக் கழுவலைன்னா, அடுத்து கிளம்பற ஒட்டற பாசிக்கு அது விருந்து. அதோட நீளமான லைட் நேரம், ஜன்னல் வெயில், கூடுதல் தீனி, கம்மியான செடி எதுவும் மாறலையே!

நம்ம கெலவரப்பள்ளி அணையைப் பாருங்க. பெங்களூர்ல பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள்ல சேர்ற சாக்கடைதான் தென்பெண்ணைல கலந்து இங்க வருது. மழை பெஞ்சா அணைல நுரை பொங்குது. நுரையைத் தண்ணி பீச்சி அமுக்கலாம், ஆகாயத்தாமரையை மெஷின் வச்சு வாரலாம். மேல இருந்து வர்றது நிக்காத வரைக்கும் அது வந்துக்கிட்டேதான் இருக்கும். தொட்டியும் குட்டி அணைதான், என்ன, மேல இருந்து கொட்டறது நாமளே.

பொட்டி தட்டறவன் பாஷைல சொன்னா, யூ.வி. சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி. சைட் படுத்துக் கிடக்கும்போது ரீஸ்டார்ட் பண்றதுல தப்பே இல்லை. அதோட டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டு வீட்டுக்குப் போறதுதான் தப்பு.

அதனால நண்பருக்கு நான் சொன்ன வரிசை இது. முதல்ல ஒரு டைமர் வாங்கி லைட்டை ஆறு மணி நேரத்துக்குக் குறைங்க. தீனியைப் பாதியாக்குங்க. வேலம்பாசி மாதிரி வேகமா வளர்ற செடியை அள்ளிப் போடுங்க, தண்ணில இருக்கற சத்தை அதுவே உறிஞ்சிடும். அப்புறம் லைட்டை அணைச்சு, போர்வையால மூடி நாலு நாள் விடுங்க. காத்து பம்ப் மட்டும் ஓடட்டும். மூடி எடுத்ததும் பாதித் தண்ணி மாத்துங்க. இத்தனைக்கும் அடங்கலைன்னா யூ.வி. வாங்குங்க, நானே மாட்டித் தர்றேன்.

ஏற்கனவே வாங்கினவங்களுக்கு: ஃபில்டர்ல இருக்கற நல்ல பாக்டீரியா செத்துடும்னு பயப்பட வேண்டாம், அது ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டித்தான் வாழுது. ஃபில்டருக்குப் பின்னாடி மாட்டுங்க, தண்ணி மெதுவாப் போகட்டும், அப்பத்தான் கதிர் வேலை செய்ய நேரம் கிடைக்கும். உரமோ மருந்தோ ஊத்தற நாள்ல அணைச்சு வைங்க. சாதாரணமா விளக்கோட ஆயுசு 8,000 மணி நேரம்னு வச்சுக்கிட்டா, நாள் பூரா எரிஞ்சா பதினோரு மாசம்தான். அதுக்கப்புறமும் நீலமா எரியும், வேலைதான் நடக்காது. தண்ணி தெளிஞ்சிடுச்சா? கழட்டிப் பெட்டில போட்டுட்டு, அடுத்த தடவை தேவைப்பட்டா எடுங்க.

டிஸ்கி: ஆன்லைன்ல கூடு இல்லாத வெறும் யூ.வி. பல்பை அப்படியே தொட்டிக்குள்ள போடுன்னு விக்கறாங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. அந்த வெளிச்சம் நேராப் பட்டா கண்ணும் தோலும் பாழாகும், மீனுக்கும் அதே கதிதான். வீட்ல குழந்தை இருந்தா யோசிக்கவே வேணாம்.