சாவித் துவாரத்தை அடைக்காதீர்கள்

அருப்புக்கோட்டையில் வேன் ஓட்டுகிறேன். சவாரி பெரும்பாலும் திருச்சுழி திருமேனிநாதர் கோயில், 1879இல் ரமணர் பிறந்த வீடு, அப்படியே ராமேஸ்வரம். இப்போது பழைய வேன்களுக்கும் ரிமோட் பூட்டு மாட்டுகிறார்கள். மாட்டட்டும், ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்க்கிற வேலை மிச்சம். மாட்டுகிற விதத்தில்தான் எனக்கு வழக்கு.

கதவுக்குள் உட்காருவது ஒரு 12 வோல்ட் மோட்டார். பழைய பூட்டின் கம்பியைத் தள்ளும், இழுக்கும், அவ்வளவுதான். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாயில் போகிற ஒயர்தான் முதலில் போகும். திறக்கத் திறக்க மடங்கி, மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்துவிடும். கரிசல் புழுதி பூட்டில் படிந்தால் மோட்டார் திணறும். பேட்டரிப் பக்கம் பியூஸ் இல்லாமல் ஒயர் இழுத்தால் தீ ஆபத்து வேறு.

மலிவான ரிமோட்டுகளில் பல எப்போதும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பும். அதைப் பதிந்துவைத்துத் திரும்ப அனுப்பினால் கதவு திறந்துகொள்ளும். அமுக்கும்தோறும் குறியீடு மாறுகிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

'இனி சாவி எதுக்குண்ணே?' என்று சில இடங்களில் சாவித் துவாரத்தையே மூடித் தருகிறார்கள். கூடவே கூடாது. நரிக்குடிப் பக்கம் கருவேலங்காட்டு நடுவே வேன் பேட்டரி இறங்கிவிட்டால், கையிலிருக்கும் ரிமோட்டால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. பயணிகளின் தண்ணீரும் மருந்தும் உள்ளே, அவர்கள் வெயிலில்.

பியூஸ் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். சாவி போட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு காசு கொடுங்கள்.