குற்ற ஆய்வுக்கு எல்லைக்கோடு எதற்கு?

ஒரு நாட்டில் அமர்ந்துகொண்டு மற்றொரு நாட்டாரின் வங்கிக் கணக்கைச் சூறையாடும் காலம் இது. குற்றம் புரிவோர் இணையத்தின் வழியே கைகோத்து நிற்கின்றனர். அவ்வாறிருக்க, குற்றத்தை ஆராயும் அறிஞர்கள் மட்டும் தத்தம் நாட்டு எல்லைக்குள் தனித்தனியே ஆராய்வது பொருந்துமா? பொருந்தாது என்பதே என் கருத்து. கூடி ஆராய இணையம் தந்துள்ள வாய்ப்பைக் கலைக்கல்லூரி மாணவர்களாகிய நாமும் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். ஒரு சான்று காட்டுகிறேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ராவே சிறையில் 1970களில் ஆயுள் கைதிகள் ஒரு திட்டம் தொடங்கினர். தவறான வழியில் செல்லும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துவந்து, கடுமொழி கூறி மிரட்டினால் திருந்திவிடுவர் என்பது அவர்தம் எண்ணம். இதைப் பற்றி 1978-இல் வெளிவந்த ஆவணப்படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. அம்முறை பல இடங்களுக்கும் பரவியது. அடியாத மாடு படியாது என்று நம் பெரியோர் சொல்வதில்லையா? அதுபோன்ற நம்பிக்கைதான் அது.

ஆனால் உண்மை வேறாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவதற்கென 2000-ஆம் ஆண்டில் காம்ப்பெல் கூட்டமைப்பு என்னும் பன்னாட்டு அமைப்பு தோன்றியது. அதன் வாயிலாக அந்தோணி பெட்ரோசினோவும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவில் நடந்த 9 ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கினர். மிரட்டப்பட்ட சிறுவர்கள், மிரட்டப்படாதவர்களைக் காட்டிலும் அதிகமாகவே மீண்டும் குற்றத்தில் ஈடுபட்டது தெரியவந்தது! நல்லெண்ணத்தோடு செய்த செயல் பிள்ளைகளைக் கெடுத்திருக்கிறது. ஆய்வுகள் சிதறிக் கிடந்தவரை இது தெளிவாகப் புலப்படவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொரு சான்று. 2020-இல் கொரோனாவால் உலகமே ஊரடங்கில் முடங்கியது. அக்காலத்துக் குற்றங்களை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து ஏமி நிவெட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மானுவல் ஐஸ்னர் ஆகியோர் பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்தனர். 23 நாடுகளைச் சேர்ந்த 27 நகரங்களின் காவல்துறைப் பதிவுகள் தொகுக்கப்பட்டன. 2021-இல் வெளிவந்த முடிவின்படி, குற்றங்கள் மொத்தத்தில் 37 விழுக்காடு குறைந்தன. கொலைகளோ 14 விழுக்காடே குறைந்தன. கொலைகளில் பல வீட்டுக்குள்ளேயே நிகழ்பவை. தெருவை அடைத்தால் அவை நிற்பதில்லை. எல்லைகள் மூடிக் கிடந்த நாளில் இணையம் இன்றி இப்படியொரு கூட்டாய்வு இயன்றிருக்குமா?

எனினும், கருவி கிடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று கருதலாகாது. நம் நாட்டுத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கொடிய குற்றமாகிய கொலையை மட்டுமே கணக்கில் சேர்க்கிறது. சுவீடனிலோ ஒருவர் மீது கூறப்படும் ஒவ்வொரு குற்றச் செயலையும் தனித்தனியே எண்ணுகின்றனர். இவ்விரு நாட்டு எண்களையும் அருகருகே எழுதி, எந்நாடு நல்ல நாடு என்று கேட்பது நகைப்புக்குரியது. ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் ஆணையம் 2015-இல் குற்றங்களுக்குப் பொதுவான வகைப்பாட்டை ஏற்றது இக்குறையைக் களையவே. கணினி எண்களைக் கூட்டித் தரும். அவ்வெண்களின் பொருளை மனிதர்கள் கலந்து பேசித்தான் தெளிய வேண்டும்.

வினாக்களை யார் எழுதுவது என்பதும் முக்கியம். மேலைநாட்டார் வினாத் தொடுக்க, நாம் விடைகளை மட்டும் திரட்டி அனுப்பினால் அதற்குக் கூட்டாய்வு என்று பெயரில்லை. நகரப் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேரும் கொடுமையை நம்மவர் ‘கேலி’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றனர். வெளிநாட்டு வினாத்தாளை இயந்திரம் மொழிபெயர்த்துத் தந்தால் அச்சொல்லின் பின்னே உள்ள கண்ணீர் அதில் வருமா? மேலும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே கைப்பேசி இருக்கையில் அவள் எழுதும் விடையை அண்ணன் படித்துவிட்டால் என்னாவது? இதையெல்லாம் அறிந்தவர்கள் நாம். ஆகவே வினா எழுதும் இடத்திலேயே நமக்குப் பங்கு வேண்டும்.

இது நம்மால் ஆகாத காரியமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை 1965-இலேயே தோன்றிவிட்டது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் க. ஜெய்சங்கர் 2007-இல் இணையவெளிக் குற்றவியலுக்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். யாவரும் விலையின்றிப் படிக்கும்படி அது இணையத்தில் வெளிவந்தது. ‘கிரிம்ஆர்க்கைவ்’ என்னும் திறந்த களஞ்சியத்திலும் 2020 முதல் குற்றவியல் கட்டுரைகள் விலையின்றிக் கிடைக்கின்றன.

மாணவ நண்பர்களே! வாரம் ஒரு கட்டுரையை நாம் கூடிப் படிப்போம். அதன் சாரத்தைத் தமிழில் எழுதுவோம். ஐயம் எழுந்தால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்போம். ஆசிரியப் பெருமக்கள் துறைதோறும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். கேட்கப் பழகியவர்களே நாளை உலக அறிஞர்களோடு சமமாக அமர்ந்து ஆராய முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.