வேலையை விடுமுன் கணக்குப் பாருங்கள்

"இனி ஒருவனிடம் கைகட்டி நிற்க மாட்டேன். சொந்தத்தில் ஒரு கடை போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன்." பெரட்டுக் களத்திலும், சம்பள நாளில் ஆபீஸ் வாசலிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பால்வெட்டுத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, கிராணிமாரும் இப்படிப் பேசுகிறார்கள். பேசுவதோடு நில்லாமல், மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதி மானேஜர் மேசையில் வைத்துவிட்டு வருவோரும் உண்டு. அந்த மூன்று வரிக் கடிதத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இந்த எண்ணத்தை நாம் பழிக்கவில்லை. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பிறர் மரத்தில் பாலெடுத்த குடும்பத்தில் பிறந்தவன், தனக்கென்று ஒரு கல்லாப்பெட்டி வேண்டுமென நினைப்பதில் என்ன குற்றம்? தோட்ட வேலை நிலையானது என்று நம்பியவர்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோனபோது, பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு வெளியேறியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதன் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஆகவே, "நிலையான வேலையை விடாதே" என்று வெறும் உபதேசம் செய்ய நமக்கு வாய் வராது. நாம் சொல்வது வேறு. விடுவதானால், எதையெல்லாம் விடுகிறோம் என்று முழுக் கணக்கும் பார்த்துவிட்டு விட வேண்டும். பெரும்பாலோர் பார்ப்பது பாதிக் கணக்குத்தான்.

சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகையைப் பார்க்கிறார்கள். "இதை நான் கடையில் சம்பாதிக்க மாட்டேனா?" என்று கேட்கிறார்கள். சரி, அந்தச் சீட்டை முழுவதும் படிப்போம். 2025 பிப்ரவரி 1 முதல், ஐவரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதையே அடிப்படையாக வைத்துக்கொள்வோம். இந்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேரில் முதலாளி சேமநிதிக்குக் கட்ட வேண்டியது நூற்றுக்கு 13. அதாவது மாதம் 221 வெள்ளி, ஆண்டுக்கு 2,652 வெள்ளி. தொழிலாளியின் பங்கு இதற்குப் புறம்பு. வேலையை விட்ட அன்றே முதலாளியின் பங்கு நின்றுவிடும். சொந்தத் தொழில் செய்வோர் தாமே முன்வந்து சேமநிதியில் கட்டலாம். அரசாங்கமும் அதற்கு ஒரு சிறு ஊக்கத்தொகை சேர்க்கிறது. ஆனால் கடை வாடகைக்கே தட்டுப்படும் மாதத்தில், முதுமைக்கென்று யார் எடுத்து வைப்பார்?

ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டில் 16 நாள் விடுப்பு, 11 பொது விடுமுறை, தேவைப்பட்டால் 22 நாள் வரை மருத்துவ விடுப்பு. அத்தனையும் சம்பளத்தோடு. கடைக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கும் காய்ச்சல்.

சொக்சோவைப் பற்றி நம்மில் பலர் நினைப்பதேயில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலையில் விபத்து நேர்ந்தால் மட்டுமல்ல, நோயினால் வேலை செய்ய முடியாமல் முடங்கிப் போனாலும் பென்ஷன் பெற வழி இருக்கிறது. உடையவர் இறந்தால், அவரை நம்பியிருந்தோருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. சொந்தத் தொழில் செய்வோருக்காக 2017-இல் தனிச் சட்டம் வந்திருப்பது நல்ல காரியமே. ஆனால் அது தொழிலில் நேரும் விபத்துக்கும் தொழிலால் வரும் நோய்க்கும் உரியது. சாதாரணமாகச் சிறுநீரகம் பழுதாகிப் படுத்தவனுக்கு அதில் முடக்கப் பென்ஷன் இல்லை. முந்திய வேலையில் கட்டிய சந்தாவின் பலனோ, கட்டாத மாதங்கள் ஏற ஏறத் தேய்ந்துகொண்டே போகும்.

அடுத்தது வீடு. தோட்டத்து வீடு பழையதாக இருக்கலாம், கூரை ஒழுகலாம். ஆனாலும் அது வேலையோடு வந்த வீடு. வேலை போனால் அதில் குடியிருக்கும் உரிமையும் போகும். பட்டணத்தில் ஒரு வீட்டுக்கு மாத வாடகையும், அதற்கு முன் கட்ட வேண்டிய முன்பணமும் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். கடைக்கு முதல் என்று வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி, கடை திறக்குமுன்னரே வீட்டுக்காரன் கைக்குப் போய்விடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தோட்டம் மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, தோட்டம் கைமாறிப் புதிய முதலாளி அதே நிபந்தனைகளில் வேலை கொடுக்காவிட்டாலோ தொழிலாளிக்கு நட்ட ஈடு உண்டு. ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். 18 ஆண்டு மரம் வெட்டிய ஒருவருக்கு நாள் சம்பளத்தை 55 வெள்ளி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 19,800 வெள்ளி வரும். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்தின் உதவித்தொகையும், தானாக விலகியவருக்குக் கிடையாது.

இப்போது எண்ணிப் பாருங்கள். தோட்டம் விற்கப்படப் போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "மூடுவதற்கு முன் நாமே போய்விடுவோம், முதலில் போகிறவனுக்குத்தான் நல்ல இடம் கிடைக்கும்" என்று ஒருவர் அவசரப்பட்டுக் கடிதம் கொடுக்கிறார். மூன்று மாதம் கழித்துத் தோட்டம் உண்மையாகவே மூடப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இருபதாயிரத்தை எண்ணி வாங்குகிறார். அவசரப்பட்டவர் கையில் கடை வாடகைப் பாக்கி. இதில் இன்னொரு சூதும் உண்டு. சில நிர்வாகங்கள் இப்படிப்பட்ட நேரத்தில் தொழிலாளியின் ஆசையைத் தட்டிக்கொடுக்கும். "நீ கெட்டிக்காரன், சொந்தமாகவே பிழைக்கலாம்" என்று தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டும். அந்தக் கடிதத்தில் 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வார்த்தைகள் தவறாமல் இருக்கும். ஏன் இருக்கும் என்பது கிராணிமாருக்கு நன்றாகத் தெரியும். பிறர் எழுதி வைத்த ராஜினாமாக் கடிதத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனிக் கடைக்கு வருவோம். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? நூறு கிலோ பால் வந்தால், நூறு கிலோ ரப்பர் என்று எவரும் எழுதுவதில்லை. மெட்ரோலாக்கைப் போட்டுப் பார்த்து, முப்பதோ முப்பத்தைந்தோதான் ரப்பர், மற்றது தண்ணீர் என்று கழிக்கிறோம். கல்லாவில் விழும் பணமும் பால்தான், ரப்பர் அல்ல. ஆனால் புதிதாகக் கடை போட்டவர், ஒரு நாளைக்கு நானூறு வெள்ளி விற்றால் நானூறும் தன்னுடையது என்று நினைத்துவிடுகிறார்.

கணவனும் மனைவியும் வேலையை விட்டுச் சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை போடுவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 400 வீதம் 26 நாளில் விற்பனை 10,400 வெள்ளி. அரிசி, கோழி, எண்ணெய், காய்கறிக்கு 5,700. வாடகையும் லைசென்சும் 900. கேஸ், மின்சாரம், தண்ணீர் 650. பெட்ரோல், பொட்டலக் காகிதம், வீணான சோறு 350. போக மிச்சம் 2,800. இருவரும் தோட்டத்தில் இருந்தால் குறைந்தது 3,400 வெள்ளியும் ஒரு வீடும். அதுவும் பகலோடு முடிகிற வேலை. கடையிலோ விடியற்காலை நாலு மணிக்குச் சந்தைக்குப் போய், இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். உதவிக்கு ஓர் ஆள் வைத்தால் அந்த 2,800-இலும் பெரும்பகுதி போய்விடும். இவை உதாரணத்துக்குச் சொன்ன எண்கள்தாம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்ப்பதுதான் முக்கியம்.

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே கடை போட நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். அப்போது தொழிலாளி கையில் காசு இருக்காது. அதே தொழிலாளிதான் உங்கள் கடைக்கு வாடிக்கைக்காரர். முன்பு மழை உங்கள் சம்பளத்தைத்தான் குறைத்தது. இப்போது நூறு பேர் சம்பளம் குறைந்ததும் உங்கள் கடன் நோட்டில் வந்து நிற்கும். கூட வெட்டியவன் "சம்பளத்துக்குத் தருகிறேன் அண்ணே" என்றால், இல்லையென்று எப்படிச் சொல்வது? நம் ஜனங்கள் போட்ட கடைகளில் வியாபாரம் இல்லாமல் மூடியவற்றைவிட, கடன் கொடுத்தே மூடியவை அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

முதலுக்கு என்ன செய்கிறார்கள்? அங்கேதான் வயிறு எரிகிறது. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. கூட்டுச் சீட்டு எடுக்கிறார்கள். 1971-லேயே சட்டம் அதைத் தடை செய்துவிட்டது, ஏமாற்றப்பட்டால் எங்கே போய் முறையிடுவது? சட்டப்படி லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்காரர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் வாங்கக் கூடாது. ஆலோங் அதை மாதத்திலேயே வாங்கிவிடுவான். பேங்க் கார்டையும் பிடித்து வைத்துக்கொள்வான். தெக்குன் நிறுவனம் நம்மவர்களுக்கென ஸ்பூமி என்ற கடன் திட்டம் நடத்துகிறது. கடன் வேண்டுவோர் முதலில் அங்கே போய்க் கேட்கட்டும். அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய பணமே என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். தனிப் பேரில் பதிவு செய்த வியாபாரத்தின் கடன், உடையவரின் சொந்தக் கடன்; கடை மூடினாலும் அது மூடாது.

கோட்டும் டையும் கட்டிக்கொண்டு தோட்டத்து மண்டபத்துக்கு வந்து, "இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள், வீட்டில் இருந்தபடியே மாதம் ஐயாயிரம்" என்று ஆசை காட்டுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சரக்கு விற்காமல் ஆள் சேர்ப்பதில் மட்டும் வருமானம் என்றால், அது 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிரமிட் மோசடி. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் எவரும் தொழில் தொடங்கவே கூடாதா? தொடங்கலாம். வேலையை விடாமலே தொடங்குவதுதான் நாம் கண்டவரையில் நல்ல வழி. வெட்டு முடிந்த பிற்பகலிலோ வாரத்தில் ஒருநாள் இரவுச் சந்தையிலோ பலகாரம் போடலாம், தையல் எடுக்கலாம், மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கலாம். கிராணிமார் மட்டும் தங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழிலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டுக் கணக்கை நோட்டில் எழுதி வாருங்கள்; மழைக் காலமும் இலையுதிர் காலமும் அதில் அடங்கும். கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் வேலையை விட வேண்டாம். கன்று நட்டு ஆறேழு ஆண்டு கழித்தே கத்தி வைக்கிற நாம், கடை மட்டும் அடுத்த மாதமே பால் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது விந்தை!

உடைமை வேண்டும் என்ற ஆசைக்கு நம் முன்னோர் வேறொரு வழியும் கண்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்தக் காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. வேலையை விட்டு அவர்கள் முதலாளியாகவில்லை. வேலையில் இருந்துகொண்டே பங்குதாரரானார்கள். இன்று பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு தொழில் நடத்த முடியாதா என்று கேட்டால், "நமக்குள் ஒற்றுமை ஏது?" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். அன்று மட்டும் ஒற்றுமை வானத்திலிருந்தா விழுந்தது?

விலகுவதென்று முடிவு செய்துவிட்டவர்கள், கடிதம் கொடுப்பதற்கு முன், சேமநிதிக் கணக்குச் சீட்டு, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, தொழிலுக்கான வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றோடு கிளைச் செயலாளரைப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர், ஒப்பந்தத்தில் வேறு தவணை குறிக்கப்படாவிட்டால், எட்டு வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதற்கீடான சம்பளத்தை நாமே நிர்வாகத்துக்குக் கட்ட நேரும். தோட்டம் விற்பனைக்கு வருகிறதா என்பதையும் சங்கத்தின் மூலம் விசாரித்துச் சொல்ல முடியும். கடிதம் கொடுத்த பின் வந்தால் சங்கம் செய்யக்கூடியது மிகக் குறைவு. கொடுத்த ராஜினாமாவைத் திரும்பப் பெற நிர்வாகம் சம்மதிக்க வேண்டும்.