மீட்டமைத்த கீலுக்கும் ஓர் உடுக்குறி வேண்டும்

பழைய விளையாட்டுக் கார் ஒன்றைப் புதுப்பித்தவர்கள் பெருமையோடு முதலில் காட்டுவது அதன் கதவைத்தான். நாற்புறமும் இடைவெளி நூல் பிடித்தாற்போல் ஒரே சீராக இருக்கும். மெல்லத் தள்ளினாலே மூடிக்கொள்ளும். பார்ப்போரும் அதையே தரத்தின் அளவுகோலாகக் கொள்கின்றனர். அந்தச் சீர்மைக்கு ஈடாக நாம் எதை இழந்தோம் என்று கேட்பதே இப்பதிவின் நோக்கம்.

போர்ஷே 356ஐ எடுத்துக்கொள்வோம். 1948 முதல் 1965 வரை ஏறத்தாழ 76,000 கார்கள் உருவாயின. அவற்றின் கதவுகள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளத்தக்க பொதுப்பொருள்கள் அல்ல. ஒவ்வொரு கதவும் ஒரு குறிப்பிட்ட உடலில் மாட்டிப் பார்க்கப்பட்டு, தேவையான இடங்களில் ஈயம் இட்டு, அரத்தால் தேய்த்து, அந்த உடலுக்கு இசைவாக்கப்பட்டது. ஒன்றோடொன்று கலந்துவிடாதிருக்க, அடிச்சட்ட எண்ணின் இறுதி இலக்கங்கள் கதவுகளிலும் மூடிகளிலும் பொறிக்கப்பட்டன. எனவே ஒரு 356இன் கதவு மற்றொன்றில் அப்படியே பொருந்தும் என எதிர்பார்க்க இயலாது. கதவுப் பொருத்தம் என்பது கதவு, கீல், கீலைத் தாங்கும் தூண், பூட்டை ஏற்கும் தகடு ஆகியவற்றுக்கிடையே நிலவும் உறவு. ஒலியனின் மதிப்பு அமைப்பில் அது கொண்டுள்ள உறவுகளால் அமைகிறது என்று படித்தவர்களுக்கு இது புதிய கருத்தன்று.

பழைய காரில் இந்த உறவு குலையப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எண்ணெய் காணாத கீல் முளை துருவேறி இறுகுவதோ தேய்ந்து ஆடுவதோ ஆகும். இரண்டாவது இன்னும் ஆழமானது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தாங்கிகள் துருவினால் வலுவிழக்கும்போது கார் நடுவில் தொய்கிறது. நிலையான கூரை இல்லாத வகைகளில் இது விரைவில் வெளிப்படும். கதவின் மேற்பகுதியில் இடைவெளி குறுகத் தொடங்கும். இந்நிலையில் பழைய கீலைக் கழற்றி எறிந்து புதிய கீலை மாட்டி, இடைத்தகடுகளைக் கூட்டிக் குறைத்து, பூட்டுத் தகட்டை உயர்த்திக் கதவை அதன்மேல் ஏற்றி நிறுத்தினால் இடைவெளி சீராகிவிடும். நோய் அப்படியே இருக்கும். அதைக் காட்டிய அறிகுறி மட்டும் மறைந்துவிடும்.

நேர்மையான பணிக்கு ஒரு வரிசை உண்டு. எதையும் கழற்றும் முன் இடைவெளிகளை அளந்து குறித்தல். ஒவ்வொரு இடைத்தகடும் எந்தக் கீலுக்குப் பின்னிருந்து எடுக்கப்பட்டது என்று பெயரிட்டு வைத்தல். கதவு வாயிலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்துத் தாங்கிகளைச் சரிசெய்தல். அதன் பின்னரே ரப்பர் பட்டையின்றிக் கதவை மாட்டி, பழைய தகடுகளோடு பொருத்தம் பார்த்தல். பூட்டுத் தகட்டின் முறை இறுதியில்தான் வரும். அதன் வேலை கதவை ஏற்றுப் பிடிப்பதேயன்றித் தூக்கி நிறுத்துவதன்று. பின்னர் புதிய ரப்பர் பட்டை கதவை வெளியே தள்ளுமாயின், பிழை பட்டையினுடையது. அதற்காகக் கீலைத் தண்டிக்கக் கூடாது.

ஓடும் காரில் கதவு திறந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து, பழமைக்காக அதைப் பணயம் வைக்கலாமா என்று கேட்கலாம். வைக்கக் கூடாது. முளை தேயும் பொருள். தேய்ந்தால் மாற்றியே தீர வேண்டும். விரிசலுற்றுச் சீராக்க இயலாத கீலுக்கும் இது பொருந்தும். மாற்றுவதை நான் மறுக்கவில்லை. மாற்றியதைச் சொல்லாமல் விடுவதையே மறுக்கிறேன்.

வரலாற்று மொழியியலில் நமக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. சான்றில் கிடைக்காத, நாம் மீட்டுருவாக்கிய தொல்வடிவத்தின் முன் உடுக்குறி இடுகிறோம். அந்த வடிவம் எவ்வளவு உறுதியானதாகத் தோன்றினாலும் குறியை விடுவதில்லை. கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் ஏறத்தாழ இதையே கூறுகிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும், இட்டு நிரப்பிய பகுதி மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாக இருக்க வேண்டும். புதிய கீலின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஆண்டைப் பொறித்தால் போதும். அதுவே அதன் உடுக்குறி.

இந்தியாவில் 2021இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களைத் தனி வகையாகப் பதிவு செய்ய வழிசெய்தன. அவை மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றின் பெரிய மாற்றங்களையே சட்டம் கருதுகிறது. கீல் அளவிலான மூலத்தைக் காப்பது உரிமையாளரின் மனச்சான்றைப் பொறுத்தது.

ஆலையில் ஒரு தொழிலாளி அந்தக் கதவை எவ்வாறு இசைவித்தார் என்பதை வரைபடங்கள் சொல்லா. அவர் இட்ட ஈயமும் செருகிய தகடும் சொல்லும். முழுச் சீர்மையைத் தேடி அவற்றை உருக்கியும் எறிந்தும் விட்டால், பாடவேறுபாடுகளை நீக்கிவிட்டு ஒரே பாடத்தை அச்சிட்ட பதிப்பாசிரியரின் பிழையையே செய்தவராவோம். அடுத்த முறை ஒரு பழைய காரின் கதவு அழகாக மூடுவதைக் காணும்போது, கழற்றிய பழைய கீலும் தகடுகளும் எங்கே இருக்கின்றன என்று அதன் உரிமையாளரிடம் கேளுங்கள்.