விதைநெல்லைப் பார்ப்பீர், பாடநூலைப் பாரீரோ?

உழவன் விதைநெல் வாங்கும்போது சாக்கின் மேல் எழுதியிருப்பதை நம்பி ஏமாறுவதில்லை. கைவிட்டு அள்ளி, உள்ளங்கையிற் பரப்பி, மணி எது, பதர் எது என்று பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கின்றான். வழக்கறிஞர் காணி உறுதியை வரிக்கு வரி வாசிக்காமல் ஒப்பமிடுவதில்லை. வைத்தியர் மருந்துப் போத்தலின் பெயரை இருமுறை பார்க்காமல் கையில் எடுப்பதில்லை. தத்தம் தொழிலில் இத்துணை விழிப்புடைய நம் மக்கள், தம் பிள்ளைகள் இந்த மாதம் வகுப்பறையில் என்ன படிக்கின்றார்கள் என்பதை மட்டும் பாராது விட்டுவிடுகின்றார்களே, இஃதென்ன விந்தை!

மாலைப்பொழுதில் வெள்ளவத்தைக் காலி வீதியிலே நின்று பாருங்கள். சீருடை களையாத பிள்ளைகள் ஒரு தனியார் வகுப்பிலிருந்து மற்றொரு தனியார் வகுப்புக்கு ஓடுகின்றார்கள். கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். வன்னியிலே நெல் விற்ற பணத்தை வகுப்புக் கட்டணமாக அனுப்பிவிட்டு, பிள்ளை கொழும்பிற் படிக்கின்றான் என்று மனநிறைவு கொள்ளும் தந்தையரையும் நாம் அறிவோம். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எத்தனை புள்ளி?" "என்ன படித்தாய்? விளங்கிற்றா?" என்று கேட்போர் எத்தனை பேர்?

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அன்று நாம் எல்லோரும் கலங்கினோம். கலங்கியதிற் குற்றமில்லை. ஆனால் ஒன்று கேட்கின்றோம். தாள் இல்லையென்று கலங்கிய நாம், தாளில் என்ன அச்சிடப்பட்டிருக்கின்றது என்று ஒருநாளேனும் கலங்கினோமா?

ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை படிக்கும் பிள்ளையின் புத்தகப் பையை இன்றிரவு திறந்து பாருங்கள். தமிழ் மொழியும் இலக்கியமும், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியியற் கல்வியும், சுகாதாரமும் உடற்கல்வியும், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள், சமயம், ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம் என்று பாடங்கள் நிரையாக நிற்கும். பதினொன்று முதற் பதினான்கு வயதுப் பிள்ளை இத்தனை துறைகளில் ஒரே காலத்திற் கால் வைக்கின்றான். தானே வாசித்துத் தானே விளங்கிக்கொள்ளும் பழக்கம் வேரூன்றும் பருவம் இதுவே. இந்தப் பருவத்தில் வேர் பிடிக்காத பயிருக்குச் சாதாரண தரத்தில் உரம் இட்டுப் பயனில்லை.

இனி அந்நூல்களின் முற்பக்கங்களைப் புரட்டுங்கள். எழுதியோர் பெயர்கள் ஒருபுறம் இருக்க, வரலாறு, கணிதம், விஞ்ஞானம் முதலியவற்றில் மொழிபெயர்த்தோர் பெயர்கள் தனியே இருக்கக் காண்பீர்கள். முதலிற் சிங்களத்தில் எழுதி, பின்னர் தமிழிற் பெயர்க்கப்பட்ட நூல்கள் இவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தமிழ்ப் பிள்ளையை மனத்தில் வைத்து, தமிழிற் சிந்தித்து எழுதப்பட்ட நூல் அவன் கைக்கு வரவில்லை. வேறொரு பிள்ளைக்காக எழுதப்பட்டது, வேறொரு மொழியின் வாக்கிய அமைப்பைச் சுமந்துகொண்டு வருகின்றது.

இதனால் விளையும் கேடு யாது? எழுவாய் ஒருபுறமும் பயனிலை மறுபுறமுமாகக் கிடக்கும் வாக்கியத்தை ஒரு சிறுவன் ஒருமுறை வாசிக்கின்றான், விளங்கவில்லை. இருமுறை வாசிக்கின்றான், விளங்கவில்லை. மூன்றாம் முறை, "எனக்கு மூளை போதாது" என்று முடிவுகட்டி நூலை மூடிவிடுகின்றான். வாக்கியத்தின் குற்றம் பிள்ளையின் குற்றமாகிவிடுகின்றது. பின்னர் தனியார் வகுப்பு ஆசிரியரின் குறிப்பை மனனஞ் செய்கின்றான், புள்ளியும் பெறுகின்றான். ஆனால் நூலை நம்பி, தன்னை நம்பிப் படிக்கும் துணிவை இழந்துவிடுகின்றான். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இக்குறையைக் கட்டணம் மறைக்கும். கொட்டாஞ்சேனையிலே துறைமுகக் கூலியின் மகளுக்கும், கிளிநொச்சியிலே குத்தகைக் காணி உழுபவனின் மகனுக்கும் யார் மறைப்பார்? அரசாங்கம் கொடுக்கும் அந்த ஒரு நூலே அவர்களுக்கு ஆசிரியன், அதுவே நூலகம், அதுவே ஏணி. ஏணியின் படி உடைந்திருந்தால் அவர்கள் எப்படி ஏறுவர்?

மொழிபெயர்ப்பே ஆகாது என்று நாம் கூறவில்லை. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவற்றின் ஆக்கத்தில் உழைத்தவர்கள் மருத்துவத்தையும் அறிந்தவர்கள், தமிழையும் அறிந்தவர்கள். வண்ணார்பண்ணையில் 1849இல் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கான பாலபாடங்களைப் படிமுறையாகத் தமிழிலேயே எழுதினார். மின்விளக்கும் கணினியும் இல்லாத காலத்திற் செய்து காட்டியதை, இத்தனை பட்டதாரிகளும் பேராசிரியர்களும் நிறைந்த காலத்திற் செய்ய முடியாதென்றால் யார் நம்புவார்?

வரலாற்றுப் பாடத்திலோ கேடு வாக்கியத்தோடு நின்றுவிடுவதில்லை. யாருடைய கண்கொண்டு இந்நாட்டின் பழமையைப் பிள்ளை பார்க்கின்றான் என்ற கேள்வியும் எழுகின்றது. அனுராதபுரத்தின் குளங்களும் பொலன்னறுவையின் மாளிகைகளும் அவன் அறிய வேண்டியவையே. அவை அவனுக்கும் உரியவை. ஆனால் அதே அனுராதபுரத்திலே தமிழரைக் குறிப்பிடும் பிராமிக் கல்வெட்டு உண்டென்பதை அவன் அறிவானா? பொலன்னறுவையிலே புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் உறுதிகூறிய கல்வெட்டுத் தமிழில் உள்ளதென்பதை அறிவானா? எல்லாளனை அவன் நூல் எந்தப் பெயரால் அழைக்கின்றது? அவன் நீதிவழுவாது ஆண்டான் என்று மகாவம்சமே கூறுவதை அவனுக்குச் சொல்லுகின்றதா? நூலைத் திறந்து நீங்களே பாருங்கள். இவை இருந்தால் மகிழுங்கள். இல்லையேல் ஏன் இல்லையென்று கேளுங்கள்.

கொழும்புத் தேசிய நூதனசாலையிலே ஒரு கல் நிற்கின்றது. காலியில் 1911இற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீனப் பேரரசன் சார்பில் 1409ஆம் ஆண்டு தேதியிட்டுப் பொறிக்கப்பட்டு, கடற்படைத் தலைவன் செங் ஹோவினால் இத்தீவுக்குக் கொணரப்பட்டது. அதிலுள்ள மொழிகள் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தபெருமானை வணங்குகின்றது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனைத் துதிக்கின்றது. காணிக்கைகள் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று! தமிழ் பேசுவோரிடம் சொல்வதைத் தமிழர் உள்ளத்தோடு பொருந்தச் சொல்ல வேண்டும் என்பதைக் கடல் கடந்த பேரரசு ஒன்று அறிந்திருந்தது. அறுநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் நம் கல்வியமைச்சு அறியவில்லையெனின் யாரை நோவது?

நமக்குள்ளேயே சிலர் மறுப்புரைப்பர். "ஆங்கிலத்திற் படிப்பித்துவிட்டால் இத்தொல்லை தீர்ந்ததே" என்பது வெள்ளவத்தை வரவேற்பறைகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஆங்கிலம் வேண்டும், நன்றாக வேண்டும். ஆனால் ஆங்கில வகுப்பும் சர்வதேசப் பாடசாலையும் எட்டுவது எத்தனை வீடுகளுக்கு? தன் பிள்ளை தப்பிவிட்டதனால் ஊர்ப்பிள்ளைகளின் நூல் எப்படிப் போனாலென்ன என்று இருப்பது கற்றவர்க்கு அழகன்று. "ஒரே நாட்டுக்கு ஒரே பாடத்திட்டம் வேண்டாமா?" என்பர் வேறு சிலர். வேண்டும். பாடத்திட்டம் ஒன்றாகவே இருக்கட்டும். முக்கோணத்துக்குச் சிங்களம் தமிழ் என்ற பேதமில்லை. நாம் கேட்பது அத்திட்டத்துக்கமையத் தமிழிலேயே எழுதப்படும் நூல். "இலவசமாகக் கிடைப்பதில் குறை காணலாமா?" என்போரும் உளர். 1945 முதல் இந்நாட்டிற் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூலும் இலவசம். அது எவருடைய தருமமும் அன்று. உழவனும் தொழிலாளியும் உத்தியோகத்தரும் செலுத்திய வரிப்பணம் அது. தாய்மொழியிற் கற்பது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை அளித்த உரிமை. விளங்காத தமிழிற் கற்பிப்பது அவ்வுரிமையைப் பெயரளவிற் கொடுத்துப் பொருளளவிற் பறிப்பதாகும்.

கண்ணைத் திறந்து பார்த்தால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு அண்மைக்கால நிகழ்ச்சியே விடை கூறும். புதிய கல்விச் சீர்திருத்தம் 2026இல் முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆறாந் தர ஆங்கிலப் பாடத்தொகுதியில் தகாத இணையத்தள முகவரி ஒன்று அச்சேறியமை வெளிப்பட்டதும் நாடே கொதித்தெழுந்தது. 2026 ஜனவரியில் ஆறாந் தரச் சீர்திருத்தம் 2027க்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒரு வரி! மக்கள் பார்த்த ஒரே வரி அமைச்சரவையை அசைத்தது. தமிழ்ப் பிள்ளைகளின் நூல்களில் உள்ள வரிகளை நாம் பார்க்காதிருக்கும்வரை யார் அசைவார்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. தமிழ்மொழி மூல மாணவருக்கான வரலாறும் குடியியலும் தமிழறிந்த அறிஞரால் தமிழிலேயே எழுதப்படல் வேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் மொழிபெயர்க்கப்படுமாயின், அச்சேறுமுன் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர் சிலர் அவற்றை வகுப்பிலே வாசித்துக் காட்டி, பிள்ளைக்கு விளங்குகின்றதா என்று பார்த்துத் திருத்தல் வேண்டும். அச்சேறிய நூலிற் பிழை காணப்படின், திருத்தப்பட்டியல் எல்லாப் பாடசாலைகளுக்கும் உடனே அனுப்பப்படல் வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

அரசாங்கத்தின் மனம் தானாக இளகும் என்று காத்திருப்பதும் பேதைமை. மருத்துவர் சுகாதார நூலில் ஓர் அத்தியாயத்தை வாசியுங்கள். பொறியியலாளர் விஞ்ஞானத்தை எடுங்கள். வழக்கறிஞர் குடியியலைப் பாருங்கள். வரப்பிலே நிற்கும் உழவரே, பயிர்ச்செய்கை பற்றி உங்கள் மகன் படிப்பதை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களைவிட அதனைத் திருத்தத் தகுதியுடையார் யார்? கண்ட பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதி, மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்துக்கும் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். ஒருவர் எழுதினால் கோப்பிற் கிடக்கும். ஓராயிரம் பேர் எழுதினால் கோப்பு நகரும். கூடியிருந்து வாசிக்க வெள்ளவத்தையிலே தமிழ்ச் சங்கம் இருக்கின்றது. கொட்டாஞ்சேனையிலே கோயில் மண்டபங்களும் தேவாலய மண்டபங்களும் இருக்கின்றன. விழா எடுக்கும் கூடங்களில் ஒரு மாலைப்பொழுது பாடநூலை விரித்தால் குறைந்துவிடுமா?

பதரை விதைத்தவன் அறுவடைக் காலத்தில் மழையைப் பழித்துப் பயனில்லை. விதைப்பு நடந்துகொண்டிருக்கின்றது, இந்த மாதம், இந்த வாரம், நாளைக் காலை முதற் பாடவேளையிலும் நடக்கும். பையைத் திறவுங்கள்.