டேப்லெட்டா, லேப்டாப்பா... ஆரணி மாணவர்கள் எதைக் கேட்கலாம்?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, அவரவர் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி 2 ஆண்டுகளில் வழங்கப்படும் என 2025 மார்ச் 14 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஒதுக்கீடு ரூ.2,000 கோடி. சரி, எதைக் கேட்கிறது?

பாடம் படிக்க, வீடியோ பார்க்க, பஸ்ஸுல எடுத்துட்டுப் போக டேப்லெட் போதும். எடையும் குறைவு. ஆனா புராஜெக்ட் டைப் பண்ண, கோடிங் எழுத கீபோர்டு வேணும்.

ஆரணிக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. பட்டுச்சேலையின் பார்டர், முந்தி டிசைனை ஜக்கார்டு தறிக்காகக் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா போடுவாங்க. அதற்கான மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில் ஓடுபவை. தறி வீட்டுப் பிள்ளைக்கு லேப்டாப் படிப்புக்கும் ஆகும், தொழிலுக்கும் ஆகும்.

கையில் ஏற்கெனவே ஸ்மார்ட்போன் இருக்கா? டேப்லெட் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும். லேப்டாப்பையே கேளுங்க.