யந்திரம் சாட்சி, தீர்ப்பு வைத்தியருடையது

உலகில் ஆண்டுதோறும் புதிதாக க்ஷயரோகத்திற்கு ஆளாவோரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் நமது தேசத்தவரே என்பது நாம் அனைவரும் தலைகுனிய வேண்டிய விஷயமாகும். எக்ஸ்ரே படத்தைக் கண்டு மார்பிலுள்ள நோயை நிர்ணயிக்கவல்ல நிபுணர்களோ பெரிய பட்டணங்களிலேயே கூடியிருக்கிறார்கள். இந்நிலையில், செயற்கை நுண்ணறிவு என்று வழங்கும் புதிய சாதனம், அப்படத்தைச் சில விநாடிகளில் பரிசீலித்து, க்ஷயரோகச் சந்தேகம் உண்டா என்பதைச் சொல்லிவிடுகிறது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் இதனை உபயோகிக்கலாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டில் சிபார்சு செய்தது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். நிபுணர் எட்டிப்பாராத கிராமத்திற்கு இத்தகைய உதவி வருமாயின், வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால், யந்திரத்தின் சொல்லை எவ்வளவு தூரம் நம்புவது என்பதே கேள்வி. நியாயஸ்தலத்தில் எவ்வளவு பெரிய மனிதர் கூண்டிலேறினாலும் அவர் சாட்சியே யாவார். குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியத்தை மாத்திரம் நம்பி எந்த நீதிபதியும் ஒருவனுடைய உயிரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் துணியார். யந்திரத்திற்கும் அதே நியாயந்தான்.

1990களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், நிமோனியா கண்டவர்களில் யாருக்குப் பிராணாபாயம் அதிகம் என்பதை முன்கூட்டியே கணிக்க, ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கொண்டு கணினிகளைப் பழக்கினர். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அபாயம் குறைவு என்றொரு விதி அதிலிருந்து வெளிப்பட்டது! இது வைத்திய அனுபவத்திற்கு முற்றும் மாறானது. உண்மை யாதெனில், ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா கண்டால், அபாயம் மிகுதியென்று அஞ்சி, அவரை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து இராப்பகலாகக் கவனித்து வந்தார்கள். அதனாலேயே அவர்களில் அநேகர் பிழைத்தார்கள். பதிவேட்டில் பொய்யில்லை, கணக்கிலும் பிழையில்லை. வைத்தியரும் தாதியரும் கண்விழித்துச் செய்த பணியின் பலனை, நோயின் குணமென்று யந்திரம் எண்ணிக்கொண்டது. அவ்விதியை நம்பி அந்நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

சாட்சி பேசும் விஷயமே கோணலாக இருப்பதும் உண்டு. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் பிராணவாயு குறைந்திருந்தும் போதுமென்று அக்கருவி காட்டும் பிழை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாயிருந்ததென அமெரிக்க வைத்தியர் சிலர் 2020இல் வெளியிட்டனர். கறுத்த மேனியர் மிகுந்த நமது நாட்டிற்கு இது வெறும் வேற்றூர்ச் செய்தியன்று. இத்தகைய அளவுகளையே ஆகாரமாகக் கொண்டு வளரும் நுண்ணறிவு, அவற்றின் குற்றத்தையும் சேர்த்தே உட்கொள்ளும்.

அப்படியாயின் சரியான வழி எது? நமது மாகாணத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டத்'தில், நோயென்று அறியப்பட்டவரின் எடை, உயரம், கால் வீக்கம், நிமிஷத்திற்கு எத்தனை மூச்சு, பிராணவாயு அளவு, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைச் சுகாதார ஊழியர் நேரிற் பார்த்துக் குறிக்கின்றனர். நிலை கடுமையானவர் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். இக்குறிப்புகளைக் கொண்டு மரண அபாயத்தைக் கணிக்கும் முறையும் 2025இல் இத்திட்டத்தின் செயலியில் சேர்க்கப்பட்டது. முதலில் மனிதனுடைய கண்ணும் கையும், அடுத்து கணக்கு, அதன்பின் நோயாளிக்குப் படுக்கையும் பராமரிப்பும். இந்த வரிசை மாறலாகாது.

யந்திரம் வந்துவிட்டதென்று காரணங்காட்டி, தாதியர் ஸ்தானங்களைக் காலியாக விடுவதற்குச் சர்க்காரார் ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது. எந்தச் சாதனத்தையும் நமது ஜனங்களிடம் சோதித்து, அதன் பிழைகளைப் பகிரங்கப்படுத்திய பின்னரே வாங்க வேண்டும். யந்திரம் 'உண்டு' என்றால் சளிப் பரிசோதனையும், 'இல்லை' என்ற பின்னும் இருமல் நீடித்தால் வைத்தியர் பரிசோதனையும் கட்டாயமாக வேண்டும். ஒவ்வொரு முடிவின் கீழும் பொறுப்பேற்கும் வைத்தியர் ஒருவருடைய கையொப்பம் இருத்தல் அவசியம். யந்திரத்தைக் கூண்டிலேற்றித் தண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல மனிதன் ஒருவன் இருந்தே தீரவேண்டும்.

நடுநிசியில் மூச்சுத் திணறும் ஏழையின் சுவாசத்தை எண்ணிச் சொல்ல யந்திரத்தால் இயலும். அவ்வெண்ணைக் கேட்டு எழுந்து ஓடிவர ஒரு தாதி வார்டில் இல்லையேல், அதனால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? யந்திரத்திற்கென்று ஒரு ரூபாய் ஒதுக்கும்போது, அதன் சொல்லைக் கேட்டுச் செயல்புரியும் கைகளுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதையும் மந்திரிகள் சட்டசபையில் கணக்குக் காட்ட வேண்டும். அதைக் கேட்பது ஜனப்பிரதிநிதிகளின் கடமை.